செத்தால்தான் நஞ்சா?

மருந்து என்கிறார்கள்! பூச்சி குடித்தால் சாவு, மீன் குடித்தால் சாவு; இருந்தும் பெயர் மருந்தாம்! பெயரிலே தேனைத் தடவிப் புட்டியிலே நஞ்சை அடைத்து விற்கிறார்களே, இது நியாயமா என்று கேட்டால், உடனே பாய்ந்து வருகிறது பதில்: "துளிதானே ஐயா, என்ன ஆகிவிடும்?"

என்ன ஆகும் என்பதை அமெரிக்காவின் கலிபோர்னியாவிலே உள்ள கிளியர் ஏரி சொல்லட்டும். கொசுவைப் போன்ற, ஆனால் கடிக்காத, ஒரு சின்னஞ்சிறு பூச்சியை ஒழிக்க 1949, 1954, 1957 ஆகிய ஆண்டுகளில் டி.டி.டி. குடும்பத்து நஞ்சு ஒன்றை அந்த ஏரியிலே கலந்தார்கள். மீனுக்குக் கேடு குறைவு என்று பார்த்துப் பொறுக்கிய நஞ்சு! 1954இல் கலந்த அளவு, 5 கோடிப் பங்கு நீருக்கு ஒரே ஒரு பங்கு. மீன்கள் நீந்திக்கொண்டுதான் இருந்தன. ஆனால் நீரின் நஞ்சு நுண்ணுயிரில் ஏறிற்று. அதைத் தின்ற மீனில் ஏறிற்று. மீனைத் தின்ற முக்குளிப்பான் பறவையில் ஏறிற்று. செத்த பறவையின் கொழுப்பிலே 10 லட்சத்துக்கு 1,600 பங்கு நஞ்சு! நீரில் இருந்ததைப்போல் 80,000 மடங்கு! ஆயிரம் இணைப் பறவைகள் கூடு கட்டிய ஏரியிலே, 1960இல் மிஞ்சியவை சுமார் 30 இணைகள்.

நீந்துகிற மீன் நலமாக இருக்கிறது என்று யார் சொன்னது? குளோர்பைரிபாஸ் போன்ற நஞ்சு, நரம்புச் செய்தியை முடித்துவைக்கும் நொதியைக் கட்டிப்போடுகிறது. நரம்பு ஓயாமல் துடிக்கிறது, மீன் தடுமாறுகிறது. பூச்சிக்கொல்லி பட்ட மீனின் செவுள் இதழ்கள் வீங்கி ஒட்டிக்கொள்கின்றன, மூச்சு முட்டுகிறது. ஈரலின் உயிரணுக்கள் உப்பிச் சிதைகின்றன. நமது சிவப்பணுவிலே உட்கரு இல்லை. மீனின் சிவப்பணுவிலே உண்டு. அதிலிருந்து உடைந்த துணுக்கு தனியே கிடப்பதை நுண்ணோக்கி காட்டுகிறது. மரபுப் பொருளின் மேலேயே விழுந்த வெட்டு அது!

ஆனால் நஞ்சை அளக்க முதலில் எடுக்கும் கோல் எது? 96 மணி நேரத்தில் பாதி மீன்களைச் சாகடிக்கும் அளவு எவ்வளவு என்ற கணக்கு! செத்ததை எண்ணுகிறார்கள், சாகாமல் சாகிறதை எண்ணுவது யார்?

உழவனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவில்லை நாம். கடன் வாங்கிப் பயிரிட்டவன், கடைக்காரன் கொடுத்ததைத் தெளிக்கிறான். வாய்க்காலிலே தெளிப்பானைக் கழுவாதே என்று அவனுக்கு எடுத்துச் சொன்னவர் எத்தனை பேர்? எண்டோசல்பானைத் தடுக்க 2011இல் உச்சநீதிமன்றம் வரவேண்டியிருந்ததே, அதுவரை கோப்புகள் உறங்கினவா, உறங்கவைக்கப்பட்டனவா?

கேட்பது பெரிதல்ல. வாய்க்கால் நீரையும் குளத்து மீனையும் ஆண்டுதோறும் சோதியுங்கள். செவுளையும் ஈரலையும் குருதியையும் பாருங்கள். கண்டதை ஊர்மன்றத்திலே தமிழில் எழுதி ஒட்டுங்கள். கெண்டையும் கெளுத்தியும் ஏழையின் சட்டியிலே கொதிக்கின்றன. மீனின் உயிரணுவிலே விழுந்த வெட்டு, நாளை எவன் வீட்டு வாசலிலே நிற்கும் என்பதை ஆள்வோர் எண்ணிப் பார்க்கட்டும்!