மலைப்பள்ளிகளுக்கு வேறு கியர் வேண்டும்

பிளஸ் ஒன் மாணவர்களுக்குத் தமிழ்நாடு அரசு வழங்கும் விலையில்லா சைக்கிள், நல்ல திட்டம் என்று தயங்காமல் சொல்லத்தக்கது. தஞ்சாவூரிலோ ராமநாதபுரத்திலோ நாலைந்து கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பள்ளிக்கு, பேருந்துக்குக் காத்திராமல் ஒரு பெண் தானே போய்வர அது வழி செய்கிறது. ஆனால் மாநிலம் முழுவதற்கும் போவது ஒற்றை கியர் சைக்கிள்தான். குன்னூரிலும் ஏற்காட்டிலும் வால்பாறையிலும் அதை வாங்கும் மாணவரால் வீட்டிலிருந்து பள்ளிக்கு மிதித்தே ஏற முடிவது அரிது. இதைப் பார்த்து “மலையில் சைக்கிள் எதற்கு?” என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். சைக்கிளைக் கைவிடுவதற்கு முன் அதன் பற்களை எண்ணிப் பார்க்க வேண்டும் என்பதே என் கருத்து.

நம் ஊர் 28 அங்குல சைக்கிளில் வழக்கமாகக் காணும் ஓர் அமைப்பை எடுத்துக்கொள்வோம். பெடலோடு சுற்றும் செயின்வீலில் 44 பல், பின்சக்கரத்தின் ஃப்ரீவீலில் 18 பல். பெடல் ஒரு முறை சுற்றினால் பின்சக்கரம் ஏறக்குறைய இரண்டரை முறை சுற்றும், சைக்கிள் 5.4 மீட்டர் முன்னேறும். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு 19 கிலோமீட்டர். சமதரைக்கு இதைவிடப் பொருத்தமான கியரைத் தேட வேண்டியதில்லை. எத்தனையோ தலைமுறைகள் பால் கேனும் நெல் மூட்டையும் ஏற்றிச் சென்றது இந்தக் கணக்கில்தான். இதே சைக்கிள் நூறு மீட்டருக்கு ஆறு மீட்டர் உயரும் சாலைக்கு வரட்டும். 50 கிலோ எடையுள்ள மாணவி, 20 கிலோ சைக்கிள். களைக்காமல் தொடர்ந்து தரக்கூடிய உழைப்பு 100 வாட் என்று வைத்தால் அவள் மணிக்கு ஏழரை கிலோமீட்டருக்கு மேல் ஏற முடியாது. அந்த வேகத்தில் பெடல் நிமிடத்துக்கு 23 முறைதான் சுற்றும். ஒவ்வொரு மிதியிலும் கால் கொடுக்க வேண்டிய உச்ச அழுத்தம் 40 கிலோவை நெருங்கும், அதாவது சீட்டை விட்டு எழுந்து தன் உடம்பையே பெடல் மேல் போட வேண்டும். ஒன்றிரண்டு நிமிடம் முடியும், பிறகு இறங்கித் தள்ளத்தான் வேண்டும். செயின்வீலும் ஃப்ரீவீலும் சம பற்களோடு இருந்தால், அதே மாணவி, அதே உழைப்பு, அதே ஏழரை கிலோமீட்டர் வேகத்தில் நிமிடத்துக்கு 55 சுற்றுக்கு மேல் உட்கார்ந்தபடியே மிதிக்கலாம். அழுத்தம் பாதிக்கும் கீழே குறையும். முழங்கால் தப்பும்.

சின்ன கியர் என்றால் வேகம் போய்விடும் என்பார்கள். ஏற்றத்தில் வேகத்தைத் தீர்மானிப்பது உடம்பின் உழைப்பும் சுமையும் சரிவும்தான். அந்த உழைப்பைக் கால் எந்தத் தாளத்தில் தருகிறது என்பதை மட்டுமே கியர் மாற்றுகிறது. கொண்டை ஊசி வளைவில் பேருந்து ஓட்டுநர் கியரைக் குறைப்பதை யாரும் வண்டியின் பலவீனம் என்பதில்லை. மிதிப்பவர் குறைத்தால் மட்டும் அது பலவீனமாகத் தெரிகிறது. இந்த வீம்பு பழையது. டூர் டி பிரான்ஸ் பந்தயம் 1910இல் பிரனீஸ் மலையின் பெரிய கணவாய்களில் ஏறியபோது வீரர்கள் பின்சக்கரத்தின் இருபுறமும் ஒவ்வொரு பல்சக்கரம் வைத்திருந்தார்கள். கியர் மாற்ற வேண்டுமானால் இறங்கி, சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்ட வேண்டும். ஓடும்போதே செயினை மாற்றும் கருவி அப்போதே இருந்தும், தசை வலிமைக்கு அது இழுக்கு என்று கருதிய அமைப்பாளர் ஆன்ரி டெக்ரான்ஜ் அதற்கு இடம் தரவில்லை. 1937இல்தான் அனுமதி கிடைத்தது. அதற்குப்பின் ஒற்றை கியருக்குத் திரும்ப யாரும் விரும்பவில்லை. இன்றைய வீரர்கள் மலைக் கட்டங்களில் 30 பல்லுக்கும் மேற்பட்ட பின்பல்சக்கரத்தோடு ஏறுகிறார்கள்.

அதற்காகக் கடையில் ‘21 கியர்’ என்று ஒட்டியிருப்பதை மாணவர்களுக்குக் கொடுக்கச் சொல்லவில்லை. அந்த எண் ஏமாற்றும். முன்னால் 42, 34, 24. பின்னால் 14 முதல் 28 வரை ஏழு பல்சக்கரங்கள் என்றிருந்தால், 42க்கு 28உம் 24க்கு 16உம் ஒரே விகிதம். 34க்கு 22உம் கிட்டத்தட்ட அதுவேதான். பல இணைகளில் செயின் கோணலாக இழுபட்டுத் தேயும். வாங்குகிறவர் கடைக்காரரிடம் கேட்க வேண்டியது முன்னால் மிகச் சிறியதில் எத்தனை பல், பின்னால் மிகப் பெரியதில் எத்தனை பல் என்பதைத்தான். மலைப்பள்ளிகளுக்கு முன்னால் 34 பல்லில் ஒரே ஒரு செயின்வீல் போதும். பின்னால் 14 முதல் 34 வரை ஏழு பல்சக்கரம் கொண்ட ஃப்ரீவீல் சந்தையில் கிடைக்கிறது. மேல் கியரில் 34க்கு 14; 44க்கு 18 தரும் அதே சமதரை வேகம். கீழ் கியரில் ஒன்றுக்கு ஒன்று. எதையும் இழக்காமல் மலை கைக்கு வருகிறது. உடுமலைப் பக்கம் ஆடிக்காற்றுக்கு எதிரே மிதிக்கிறவர்களுக்கும் இடைப்பட்ட கியர்கள் உதவும். எதிர்காற்று சமதரையையே ஏற்றமாக்கிவிடும்.

பழுதானால் யார் பார்ப்பது என்ற கேள்வி நியாயமானது. கியர் கேபிள் தளரும், மண்ணும் மழையும் செயினை அரிக்கும், மாற்றும் கருவி சைக்கிள் கீழே விழுந்தால் வளையும். முன்புறம் ஒரே செயின்வீல் என்பதால் தொல்லையில் பாதி குறைகிறது. மீதியை அருகிலுள்ள சைக்கிள் கடைக்காரருக்கு ஒரு நாள் பயிற்சியும் உதிரி கேபிளும் கொடுத்தால் சமாளிக்கலாம். செலவு கூடும், மறுக்கவில்லை. ஆனால் ஏற முடியாத சைக்கிளுக்குச் செலவிடும் பணமும் செலவுதானே? இதைவிட எனக்குக் கவலை தருவது இறக்கம். இரும்பு ரிம் மழையில் நனைந்தால் பிரேக் பிடிமானம் வெகுவாகக் குறையும். ஆண்டில் பல மாதம் நனைந்தே கிடக்கும் நீலகிரிச் சாலைகளில் அது உயிராபத்து. அலுமினிய ரிம்மும் நல்ல பிரேக் கட்டையும் இல்லாமல் கியர் மட்டும் கொடுப்பதானால் கொடுக்காமலே இருக்கலாம். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் மாணவர்கள் தினமும் ஏறி இறங்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. மலைமேல் ஊருக்குள்ளேயே ஏறி இறங்கும் இரண்டு மூன்று கிலோமீட்டர்தான் பேச்சு. அதிலும் மிகச் செங்குத்தான இடத்தில் இறங்கித் தள்ளுவதில் குறை ஒன்றுமில்லை.

சைக்கிளைக் கொடுக்கும் நாளில் அரைமணி நேரம் ஓட்டிக் காட்டுவதும் தேவை. ஏற்றம் தொடங்கும் முன்பே கியரைக் குறைக்க வேண்டும்; பாதி ஏற்றத்தில் முழு பலத்தோடு மிதித்துக்கொண்டே மாற்றினால் செயின் கடகடத்துச் சிக்கும். பெடல் சுற்றிக்கொண்டிருக்கும்போது, அழுத்தத்தை ஒரு கணம் தளர்த்தி மாற்ற வேண்டும். ஒவ்வொரு பள்ளியிலும் உடற்கல்வி ஆசிரியர் ஒருவர் இதைச் சொல்லிக் கொடுத்துவிட முடியும். சைக்கிள் கொள்முதல் விவரக்குறிப்பில் மாணவருக்கு ஒரு மாடல், மாணவிக்கு ஒரு மாடல் என்று ஏற்கெனவே பிரித்து எழுதுகிறார்கள். மலைப்பள்ளிகளுக்கென்று மூன்றாவதாக ஒன்றை, பல் எண்ணிக்கையையும் ரிம்மின் உலோகத்தையும் குறிப்பிட்டு, அடுத்த ஒப்பந்தப்புள்ளியிலேயே சேர்க்கலாம்.