வயர்த் துண்டுக்கு ஏன் இவ்வளவு காசு?

யாழ்ப்பாணத்துச் சித்திரை வெயில். நிழலில் நின்றாலே சட்டை முதுகோடு ஒட்டுகிற நேரம். எங்கள் நண்பன் ஒருவனின் அம்மா ஓடுகிற சின்னக் காருக்குள் இருந்த கணினி மட்டும், இஞ்சின் தண்ணீர் சைபருக்குக் கீழே 40 பாகை குளிரில் கிடக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தது. நம்பினது மட்டுமில்லை, அந்தக் குளிருக்கு ஏற்ற மாதிரிப் பெற்றோலையும் அள்ளி ஊற்றிக்கொண்டிருந்தது.

கேட்டால் சிரிப்பு வரும். அன்ரிக்கு வரவில்லை. மத்தியானச் சாப்பாட்டுப் பார்சல்களை அவ அந்தக் காரில்தான் கந்தோர் கந்தோராகக் கொண்டுபோய்க் கொடுக்கிறா. நாங்கள் கலைப்பீடத்தில் படிக்கிற நாலு பேர். பார்சல் கட்ட உதவிக்குப் போய், மிஞ்சின சோற்றையும் கறியையும் சாப்பிட்டு வருகிற ஆக்கள். அதனால் கார் கெட்ட கதை முழுவதும் எங்களுக்குத் தெரியும். கறுப்புப் புகை, பெற்றோல் மணம், சூடான இஞ்சினை நிற்பாட்டினால் திரும்ப ஸ்ரார்ட் ஆக மறுக்கிறது. ரேடியேற்றர் ஃபான் நிற்காமல் சுற்றுகிறது.

ஒரு கராஜில் ஸ்கானர் போட்டார்கள். பி 0118 என்று வந்தது. "தண்ணிச் சூடு பார்க்கிற சென்சர் போட்டுது, மாத்த வேணும்" என்றார்கள். மாற்றினோம். இரண்டு நாள் ஓடியது, பிறகு பழைய கதை. "வாங்கின சாமான் சரியில்லை" என்று இன்னொன்று போட்டார்கள். ஒவ்வொன்றும் 7,000 ரூபாவுக்குக் குறையவில்லை. அதுவும் சரிவராமல் போக, மூன்றாவது தீர்ப்பு வந்தது: "கொம்பியூட்டர் போட்டுது." அன்றிரவு அன்ரி சங்கிலியைக் கழற்றி மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தா. அடகுக் கடைக்கு என்று ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்ல வேண்டியும் இருக்கவில்லை.

கடைசியில் காரைக் கொண்டுபோய் விட்டது ஒரு தகரக் கொட்டிலுக்கு. வாகன வயரிங் மட்டும் செய்கிற ஒரு அண்ணை. அவரும் ஸ்கானர் போட்டார். ஆனால் அதைப் பார்த்துவிட்டுச் சாமான் கடைக்குப் போன் எடுக்கவில்லை. சென்சரின் கனெக்ரரைக் கழற்றி, அதன் இரண்டு பின்களையும் ஒரு சின்ன வயர்த் துண்டால் இணைத்தார். "இப்ப கணினி தண்ணி கொதிக்குது எண்டு சொல்ல வேணும்," என்றார். அது சொல்லவில்லை. அதே மறை 40. "அப்ப பிழை சென்சரில இல்லை. வயரில, இல்லாட்டிக் கணினியில." பிறகு வயர்க் கட்டை அங்குலம் அங்குலமாக அசைத்துக்கொண்டு போனார். புகைக்குழாய்க்குப் பக்கத்தில் ஒரு இடத்தை வளைத்தபோது ஸ்கானரில் இலக்கம் துள்ளிக் கொதிநிலையைத் தாண்டி மேலே போய், திரும்ப விழுந்தது. "கணினி செத்துப்போயிருந்தா, வயரை ஆட்டினதுக்கு அதுக்கு எப்பிடி உயிர் வரும்?"

உறையைப் பிரித்தால், உள்ளே வயர் முறுகின அப்பளம் மாதிரி. தொட்ட இடமெல்லாம் பிளாஸ்ரிக் உதிர்ந்தது, செப்புக் கம்பி பச்சை பிடித்து அறுந்து கிடந்தது. வயரைத் தூக்கிப் பிடிக்கிற கிளிப் அந்த இடத்தில் இல்லை. முன்பு எப்போதோ ஒரு வேலைக்குக் கழற்றினவர்கள் திரும்பப் போடவில்லை. வயர் சரிந்துபோய்ச் சூட்டுக் குழாயோடு சாய்ந்திருந்தது, அவ்வளவுதான். ஒன்றரை மணித்தியாலத்தில் வேலை முடிந்தது. ஸ்கானர் 88 பாகை காட்டியது. 3,500 ரூபா கேட்டார்.

அன்ரி சொன்னா: "ஒரு வயர்த் துண்டுக்கா தம்பி இவ்வளவு?"

இரண்டு சென்சருக்கு ஒரு சொல் பேசாமல் காசு எண்ணிக் கொடுத்த அதே அன்ரி. பக்கத்தில் நின்ற நாங்களும் "ஓம் அண்ணை, கொஞ்சம் பாத்துச் செய்யுங்கோ" என்று தலையாட்டினோம். அவர் 2,500 எடுத்தார். பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான் நாங்கள் செய்த வேலையின் வெட்கம் எங்களுக்கு உறைத்தது. இந்தக் கட்டுரை அந்த வெட்கத்தில் இருந்து எழுதப்படுகிறது.

எங்கள் வாதம் இதுதான்: சாமானுக்குக் காசு கொடுக்கிறோம், தேடலுக்குக் கொடுக்க மறுக்கிறோம். நல்ல திருத்தல் வேலை ஊரில் அருகிப்போவதற்கு முதல் காரணம் கராஜ்காரரின் களவு இல்லை. எங்கள் கஞ்சத்தனம்.

பி 0118 என்ற குறி சென்சர் பழுது என்று சொல்லவே இல்லை. அந்தச் சுற்றில் மின்னழுத்தம் இருக்க வேண்டியதைவிடக் கூட என்றுதான் சொல்கிறது. சுற்று என்றால் சென்சர், கனெக்ரர், வயர், கணினி எல்லாம் சேர்ந்தது. கணினி 5 வோல்ற் அனுப்பிப் பார்க்கிறது. சென்சர் குளிர்ந்தால் அதன் தடை கூடும், சூடானால் குறையும். வயர் அறுந்தால் தடை முடிவிலி. அதைக் கணினி உச்சக் குளிர் என்று வாசிக்கிறது. மறை 40 வந்த வழி இதுதான். ஒரு வசனத்தில் எழுவாயை மட்டும் வாசித்துவிட்டுத் தீர்ப்புச் சொல்கிற மாணவனுக்கு எங்கள் விரிவுரையாளர் எத்தனை புள்ளி போடுவார்? ஆனால் ஸ்கானரை அப்படி வாசிக்கிறவரிடம் நாங்கள் கேள்வி கேட்பதில்லை. கையில் மின்னுகிற திரை இருந்தால் போதும், நம்பிவிடுகிறோம்.

சென்சரை மாற்றினவர்கள் ஏன் தேடவில்லை? அவர்களுக்குத் தெரியாது என்று நாங்கள் நினைக்கவில்லை. ஒன்றரை மணித்தியாலம் பொனற்றுக்குள் தலையை விட்டு ஒரு அறுந்த கம்பியைக் கண்டுபிடித்தால், வாடிக்கையாளர் "வயர்த் துண்டுக்கா இவ்வளவு" என்று கேட்பார். பத்து நிமிடத்தில் சென்சரைக் கழற்றிப் பூட்டினால் ஒரு கேள்வியும் இல்லை, சாமானில் ஒரு லாபமும் உண்டு. அப்படியிருக்க எந்த மனிசன் தேடுவான்? தேடுகிறவனைத் தண்டித்து, மாற்றுகிறவனுக்குப் பரிசு கொடுக்கிற சந்தையை நாங்கள்தான் கட்டி வைத்திருக்கிறோம். பிறகு "கராஜ்காரர் எல்லாரும் கள்ளர்" என்று முகப்புத்தகத்தில் எழுதுகிறதும் நாங்கள்தான்.

"அதெல்லாம் சரி, ஒட்டு வேலை ஆபத்துத்தானே, புதுசு போட்டால் நிம்மதி" என்று சிலர் சொல்வார்கள். ஒட்டு வேலையும் திருத்தல் வேலையும் ஒன்றில்லை. கம்பியை முறுக்கிக் கறுப்பு ரேப் சுற்றிவிடுவது ஒட்டு வேலை. இஞ்சின் சூட்டில் ரேப்பின் பசை உருகி வழியும், கொஞ்சக் காலத்தில் பிரிந்துவிடும். அந்த அண்ணை செய்தது வேறு. செப்பு பளபளக்கிற இடம் வரைக்கும் பழையதை வெட்டி எறிந்தார். அதே தடிப்பில் ஒரு சாண் புது வயர் போட்டார். இரண்டு வயரின் மூட்டுகளும் ஒரே இடத்தில் வராமல் முன்னுக்குப் பின்னாக வைத்தார். குழலுக்குள் வைத்து நெரித்து, சூட்டில் சுருங்குகிற உறை போட்டார். கண்ணாடி நார்ச் சட்டைக்குள் நுழைத்து, புதுக் கிளிப் போட்டுக் குழாயில் இருந்து விலக்கிக் கட்டினார். சாதாரண வயரின் பிளாஸ்ரிக் உறை தாங்குவது 100 பாகை அளவில்தான். புகைக்குழாயோ பல நூறு பாகைக்குப் போகும். கிளிப் இல்லாமல் எத்தனை புது வயர் போட்டாலும் அது கருகத்தான் செய்யும். காரணத்தைத் திருத்தாத புதுச் சாமானைவிடக் காரணத்தைத் திருத்தின பழைய வயர் எவ்வளவோ மேல்.

எல்லாவற்றையும் இப்படித் திருத்தலாம் என்றும் சொல்லவில்லை. எயார்பாக் வயரில் கை வைக்கக்கூடாது. ஒட்சிசன் சென்சரின் வயரை ஈயம் வைத்து ஒட்டக்கூடாது, அந்தச் சென்சருக்கு வேண்டிய காற்று வயருக்குள்ளால்தான் போகிறது. எங்கே நிற்பாட்ட வேண்டும் என்று தெரிவதும் அந்த அறிவின் ஒரு பங்குதான். அதற்கும் சேர்த்துத்தான் அந்த 3,500.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் கார்களுக்குக் கதவு திரும்பத் திறந்தது 2025 தொடக்கத்தில். இடையில் 2022 இல் பெற்றோல் வரிசையும் கியூஆர் அட்டையும் வந்து போயின. அந்த ஐந்து வருசமும் இந்த நாட்டை ஓட வைத்தது கிழட்டு வாகனங்களும் அவற்றைத் திருத்தின கைகளும். அந்தக் கைகளுக்கு என்ன மரியாதை கொடுத்தோம்?

எங்களுக்கு ஒரு விசித்திரப் பழக்கம் உண்டு. தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோல் இல்லாமல் மண்ணெண்ணெயில் கார் ஓடினதையும், சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்டதையும் மேடைக்கு மேடை சொல்லிப் பெருமைப்படுகிறோம். "எங்கட சனத்தின்ர மூளை" என்கிறோம். அதே மூளையோடு இன்றைக்குக் கையில் ஒயில் பிரண்டு நிற்கிற பெடியனை "படிப்பு ஏறாதவன்" என்கிறோம். இறந்தகாலத்து மெக்கானிக் வீரன், நிகழ்கால மெக்கானிக் தோற்றுப்போனவன். 2013 இல் ஏ.எல்லுக்குத் தொழினுட்பப் பிரிவு வந்தபோதும் எங்கள் வீடுகளில் என்ன கதைத்தார்கள் என்று ஞாபகப்படுத்திப் பாருங்கள். மற்ஸ், பயோ கிடைக்காதவர்களுக்கு ஒரு இடம் என்றுதானே?

கலைப்பீடத்து எங்களுக்கு இதில் கூடுதல் பொறுப்பு இருக்கிறது. "ஆர்ட்ஸ் படிச்சு என்ன செய்யப் போறாய்" என்ற கேள்வியால் காயப்பட்ட ஆக்கள் நாங்கள். வாசிப்பதும் யோசிப்பதும் வேலை இல்லையா என்று சண்டை பிடிக்கிற ஆக்கள். அந்தக் கொட்டிலில் எங்கள் கண்முன்னால் நடந்ததும் வாசிப்புத்தான். ஒரு கருதுகோள், ஒரு சோதனை, அது பொய்த்ததும் அடுத்தது. அதைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, கையில் பிடிக்கக்கூடிய சாமான் எதுவும் வரவில்லை என்பதற்காகக் கூலியில் ஆயிரம் ரூபா வெட்டினோம். எங்களை மட்டம் தட்டுகிறவர்களின் கணக்கும் இதே கணக்குத்தான்.

அந்த ஆயிரத்தை நாலு பேரும் சேர்த்துக் கொண்டுபோய்க் கொடுத்தோம். அவர் வாங்க மறுக்கவில்லை. ஏன் மறுக்க வேண்டும்?

இனிச் செய்ய வேண்டியது பெரிய புரட்சி ஒன்றுமில்லை. கராஜில் "என்ன மாத்த வேணும்" என்று கேட்பதை விட்டு, "என்ன சோதிச்சுப் பாத்தனீங்கள்" என்று கேட்போம். கழற்றின பழைய சாமானைக் கையில் வாங்குவோம். சூடு பட்டு உதிர்ந்த வயரைக் கண்டால், அது ஏன் சூடுபட்டது என்று கேட்போம். "தேடின கூலி" என்று பில்லில் ஒரு வரி போடச் சொல்லி நாங்களே கேட்போம். அந்த வரியில் மட்டும் பேரம் பேசாமல் இருப்போம்.