விடைபெறத் தெரியாத பயணிகள்

குடும்பக் குழுச் சுற்றுலாக்களின் நிகழ்ச்சி நிரல்கள் நான்கைந்தைச் சேர்த்து வைத்துப் படித்துப் பாருங்கள். முதல் நாளுக்கு ஆறேழு வரிகள் இருக்கும். இறுதி நாளுக்குப் பெரும்பாலும் ஒரே வரிதான் இருக்கும்: காலைச் சிற்றுண்டி, கடைவீதி, மாலை புறப்பாடு. அந்த ஒற்றை வரிக்குள் பாவப்பட்ட ஊர் ஒன்று அகப்பட்டுக் கிடக்கும். அது இத்தாலியின் வெனிஸாக இருக்கலாம்; எங்கள் ஸ்ரீவில்லிபுத்தூராகவும் இருக்கலாம். இரண்டுக்கும் இழைக்கப்படும் அநீதி ஒன்றே என்பதும், அதனை இழைப்போர் பயண முகவர்கள் மட்டுமல்லர், பணம் கட்டிப் பின்னால் செல்லும் படித்த நாமும்தான் என்பதும் என் வாதம்.

இராஜபாளையத்திலிருந்து ஐரோப்பா செல்வது இன்று அதிசயமன்று. என்னுடன் பணிபுரியும் பேராசிரியர் ஒருவர் குடும்பத்துடன் பத்து நாள்களில் ஏழு நாடுகளைப் பார்த்துத் திரும்பினார். இறுதி நாள் வெனிஸ். படகில் போய் இறங்கினார்கள். கண்ணாடி ஊதும் பட்டறையில் கால் மணி நேரம், அதனை ஒட்டிய கடையில் ஒரு மணி நேரம். புனித மாற்கு பேராலயத்தை வெளியே நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். உள்ளே செல்ல நிரலில் இடமில்லை. ஊர் எப்படி இருந்தது என்று கேட்டேன். "ஒரே கூட்டம் சார்" என்றார். அக்கூட்டத்தில் தாமும் நாற்பது பேரோடு ஒருவர் என்பது அவருக்குத் தோன்றவில்லை. அவரைக் குறை சொல்லேன். அப்படித் தோன்றாதபடிதான் அந்த நிரலே வகுக்கப்பட்டிருக்கிறது.

வெனிஸ் இதற்கு விடையிறுக்கத் தொடங்கிவிட்டது. 1951ஆம் ஆண்டளவில் ஏறத்தாழ 1,75,000 பேர் வாழ்ந்த அதன் பழைய நகரத்தில், 2022இல் குடியிருப்போர் 50,000க்கும் கீழே குறைந்தனர். 2024 ஏப்ரல் 25 முதல், குறித்த சில நாள்களில் பகற்பொழுதுக்கு மட்டும் வந்து செல்வோரிடம் 5 யூரோ நுழைவுக் கட்டணம் பெறத் தொடங்கினார்கள். அதே ஆண்டில் 25 பேருக்கு மேற்பட்ட குழுக்களுக்கும், வழிகாட்டிகளின் ஒலிபெருக்கிகளுக்கும் தடை விதித்தார்கள். நாம் கருத வேண்டியது கட்டணத்தின் அளவையன்று, அதிலுள்ள விலக்கை: இரவு தங்குவோர் அந்த நுழைவுக் கட்டணத்தைச் செலுத்த வேண்டியதில்லை. தங்குபவன் விருந்தினன், தங்காதவன் கூட்டம் என்று ஒரு நகரம் தன் சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறது.

இனி நம் ஊருக்கு வருவோம். குற்றாலம், தென்காசி பார்த்துவிட்டு மதுரைக்குத் திரும்பும் குழுப் பேருந்துகளுக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் இறுதி நாளின் இடைநிறுத்தம். பேருந்து வந்து சேரும்போது நண்பகல் நெருங்கியிருக்கும். நடை சாத்தும் நேரம். வடபத்ரசாயி கோயிலின் 11 நிலைக் கோபுரத்தை, ஏறத்தாழ 192 அடி உயரத்தை, அண்ணாந்து பார்க்கிறார்கள். ஆண்டாள் சந்நிதியில் ஒரு கும்பிடு. பிறகு பால்கோவா. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற அந்த இனிப்பின்மீது எனக்குப் பகையில்லை. ஆனால் கோயிலில் இருபது நிமிடமும் கடையில் நாற்பது நிமிடமும் செலவிட்டவர், தாம் ஸ்ரீவில்லிபுத்தூரைப் பார்த்ததாகச் சொல்லும்போது சினம் வருகிறது.

என்ன பார்த்தார்? ஆழ்வார் பன்னிருவருள் இருவரைத் தந்த ஊர் இது. பெரியாழ்வார் பாடியவை 473, ஆண்டாள் பாடியவை 173. நாலாயிரத்துள் 646 பாசுரங்கள் இம்மண்ணில் தோன்றியவர்களுடையவை. அவற்றுள் ஒன்றேனும் அவர் காதில் விழுந்ததா? இரு கோயில்களுக்கும் இடையில், ஆண்டாள் கண்டெடுக்கப்பட்டதாகச் சொல்லப்படும் நந்தவனம் இருக்கிறது. பலர் அதனைக் குறுக்கு வழியாகக் கடந்து போகிறார்கள். ஆண்டாளின் இடக்கையில் இருக்கும் கிளி நாள்தோறும் புதிதாகச் செய்யப்படுவது. மாதுளம்பூ அதன் அலகு, மரவள்ளி இலை அதன் உடல். இன்று பார்த்த கிளி நாளை இராது. நிலையற்ற அப்பொருளைச் செய்ய ஒரு மனிதர் ஒவ்வொரு நாளும் இலை தேடி உட்காருகிறார். அதனைக் காண நமக்கு ஐந்து நிமிடம் இல்லை!

தமிழனுக்குக் குடும்பத்தோடு குழுவாகப் பயணம் செய்வது புதிதா என்ன? ஆற்றுப்படை நூல்களைப் படித்தோர் அறிவர். பாணனும் பொருநனும் கூத்தனும் தனியே போகவில்லை, சுற்றத்தோடு சென்றார்கள். வழிகாட்டிகூட உண்டு: பரிசில் பெற்றுத் திரும்பும் இன்னொரு கலைஞன். ஆனால் பொருநராற்றுப்படையில் வரும் இறுதி நாளைப் பாருங்கள். கரிகாலனிடம் பல நாள் தங்கிப் பற்கள் மழுங்கும் அளவுக்கு உண்டு களித்த பொருநன், எம் பழைய ஊருக்குத் திரும்புகிறோம் என்று மெல்லத்தான் சொல்கிறான். இத்தனை விரைவாகப் போகிறீர்களா என்று மன்னன் வெகுண்டவன் போல நோக்குகிறான். பிறகு பரிசில் தந்து, ஏழடி தூரம் உடன் நடந்து வழியனுப்புகிறான். நம் இலக்கியம் காட்டும் பயணத்தின் இறுதி நாள் இது. விடை கேட்கத் தயங்குபவன் ஒருபுறம், விடைதர மனமில்லாதவன் மறுபுறம். இந்த மரபுக்கு உரிய நாம், இறுதி நாளைப் பெட்டி கட்டும் நாளாகச் சுருக்கிவிட்டோம்.

இதற்கு வரும் மறுப்பு எனக்குத் தெரியாததன்று. 'ஐயா, எல்லாரும் உம்மைப்போல் விடுமுறை உள்ள ஆசிரியர்களா? வாழ்நாள் முழுதும் அடுக்களையைத் தாண்டாத பெண்கள் முதன்முறையாக ஊர் பார்ப்பது இக்குழுக்களால்தானே? மொழி தெரியாத முதியவர்கள் வேறு எப்படிப் போவார்கள்?' இம்மறுப்பில் உண்மை இருக்கிறது. அதனை மதிக்கிறேன். குழுவைப் பழிப்பது என் நோக்கமன்று, பட்டியலைத்தான் பழிக்கிறேன். அந்தப் பெண்ணின் ஒரே பயணம் அது என்றால், ஏழு ஊர்களின் வாகன நிறுத்துமிடங்களைக் காட்டி அவளை ஏமாற்றுவது இன்னும் பெரிய குற்றமன்றோ? முதியவருக்கு வேண்டுவது குறைந்த ஊர்களும் நிறைந்த நேரமும். பட்டியல் அவருக்குத் தருவது நேர்மாறானதை. எண்ணிக்கையை விலையாக்கி விற்கும் வணிகத்துக்கு எளியவர்களைக் கேடயமாக நிறுத்த வேண்டா.

எங்கள் பக்கமும் குற்றம் உண்டு. வருகிறவர் நிற்கும் நேரம் குறையக் குறைய, ஊரும் தன்னை அதற்கேற்பத் திருத்திக்கொள்கிறது. கோயிலைச் சுற்றி இனிப்புக் கடைப் பலகைகள் பெருகுகின்றன. பாசுரத்துக்குப் பொருள் சொல்ல ஒரு திண்ணை இல்லை. 11 கிலோமீட்டர் தொலைவில் உள்ள இராஜபாளையத்தின் நிலை வேறு: அங்கே பேருந்து நிற்பதே இல்லை. சென்னை மாகாணத்தின் முதல்வராக 1952 வரை இருந்த பி.எஸ். குமாரசாமி ராஜா, தம் வீட்டையே கொடையாக அளித்த காந்தி கலை மன்றம் அங்கே இருக்கிறது. அருகே சத்திரப்பட்டியில், நாட்டின் காயங்களுக்குக் கட்டும் துணி தறிகளில் நெய்யப்படுகிறது. மேற்கே 1988இல் அறிவிக்கப்பட்ட சாம்பல் நிற அணில் சரணாலயம், 2021 முதல் புலிகள் காப்பகத்தின் பகுதி. ஆனால் எங்கள் ஊர்க்காரரிடம் கேட்டால், இங்கே பார்க்க என்ன இருக்கிறது என்பார். கேட்ட கையோடு வெனிஸுக்கு முன்பணம் கட்டுவார். தன் ஊரைப் பார்க்கக் கண் பழகாதவனுக்கு அயலூர் மட்டும் எப்படிப் புலப்படும்?

ஆகவே நான் கேட்பது ஒன்றுதான். பட்டியலில் ஓர் ஊரை வெட்டுங்கள்; மிச்சமாகும் நேரத்தை இறுதி ஊருக்குக் கொடுங்கள். அங்கே ஓர் இரவு உறங்குங்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் என்றால் மாலையில் வந்து சேர்ந்து, விடியலில் கோயிலுக்குச் செல்லுங்கள். நந்தவனத்தில் உட்காருங்கள், நாயக்கர் காலக் கற்சிற்பங்களின் முன் நில்லுங்கள், மடவார் வளாகத்து வைத்தியநாதரையும் பாருங்கள். பகலில் இராஜபாளையம் போய்த் தறியோசை கேளுங்கள். இரவு பொதிகை வண்டியில் சென்னை திரும்பலாம். பால்கோவாவும் வாங்கலாம், தாராளமாக.

அடுத்த முறை எந்த நிறுவனத்தின் நிரல் உங்கள் கைக்கு வந்தாலும், மேலிருந்து படிக்காதீர்கள். இறுதி நாளின் வரியை முதலில் படியுங்கள். அதில் 'கடைவீதி' என்று மட்டும் இருந்தால், முன்பணம் கட்டுமுன் அந்த ஊரின் பெயரைச் சொல்லி, அங்கே எத்தனை மணி நேரம் என்று கேளுங்கள். நாற்பது பேரில் பத்துப் பேர் கேட்டால் நிரல் மாறும். ஒருவரும் கேட்காததால்தான் அது இப்படி இருக்கிறது.