ஒலி பிறந்த பிறகு கை என்ன செய்கிறது?

பியானோ ஆசிரியர்களான நம்மில் பலர் புறங்கையில் நாணயத்தை வைத்துக்கொண்டு ஸ்கேல் வாசித்துப் பழகியவர்கள். நாணயம் விழுந்தால் மறுபடியும் முதலிலிருந்து. எனக்கும் அப்படித்தான் கற்றுக்கொடுத்தார்கள். நாணயம் விழாமல் வாசிக்கக் கற்றேன். கூடவே மணிக்கட்டை இறுக்கிக்கொள்ளவும் கற்றேன். அந்த இறுக்கத்தை விட்டொழிக்கப் பல ஆண்டுகள் பிடித்தன. அதனால்தான் "நல்ல டெக்னிக்" என்று வகுப்பில் நாம் எதைச் சொல்கிறோம் என்பதை இந்த இதழில் கேட்க விரும்புகிறேன்.

பியானோவின் உள்ளே நடப்பதிலிருந்தே தொடங்கலாம். கட்டை சுமார் 10 மில்லிமீட்டர் இறங்குகிறது. அது அடியைத் தொடுவதற்குச் சற்று முன்பே சுத்தியல் அதன் பிடியிலிருந்து விடுபட்டு, கடைசி ஓரிரு மில்லிமீட்டரைத் தானாகக் கடந்து கம்பியில் மோதுகிறது. அந்த நேரத்தில் சுத்தியலுக்கு இருந்த வேகம்தான் ஒலியின் அளவைத் தீர்மானிக்கிறது. அதற்குப் பிறகு விரல் எவ்வளவு அழுத்தினாலும் அந்த ஸ்வரத்தில் எதுவும் கூடப்போவதில்லை. கட்டையை மெல்ல இறக்க 50 கிராம் எடையே ஏறத்தாழப் போதும். இறங்கியதைப் பிடித்து வைக்க அதைவிடக் குறைவு. ஆனால் நம் மாணவர்கள் ஒலி பிறந்த பிறகும் கட்டையை அதன் படுகையோடு சேர்த்து நசுக்குகிறார்கள். வீட்டில் எடையில்லாத கட்டைகள் கொண்ட எலெக்ட்ரானிக் கீபோர்டில் பழகிவிட்டு, கிரேடு தேர்வு அறையில் முதன்முதலாக நிஜப் பியானோவைத் தொடும் பிள்ளைகளிடம் இது இன்னும் கூடுதல். கட்டை கனக்கிறது என்று தோன்றியதும் தோள் காதை நோக்கி ஏறிவிடுகிறது.

என்னைப் பொறுத்தவரை டெக்னிக் என்பது வேண்டிய வேகத்தைக் கொடுத்துவிட்டு உடனே விட்டுவிடத் தெரிவது. விரல் எவ்வளவு உயரம் எழும்புகிறது என்பதை வைத்து அதை அளக்க முடியாது.

ஐந்து விரல்களையும் சமபலமாக்க வேண்டும் என்ற ஆசை 19ஆம் நூற்றாண்டு நமக்கு விட்டுச்சென்ற சுமை. 1873இல் வெளிவந்த ஹானனின் 60 பயிற்சிகளும் அந்த ஆசையில் பிறந்தவைதான். ஆனால் விரல்களுக்குள் தசை கிடையாது. அவற்றை அசைக்கும் தசைகள் முன்கையிலும் உள்ளங்கையிலும் இருக்கின்றன. மோதிர விரலை நிமிர்த்தும் தசைநாண் பக்கத்து விரல்களின் தசைநாண்களோடு பிணைந்திருக்கிறது. அந்த விரலைத் தனியாக உயர்த்தச் சொல்வது உடம்போடு போடும் சண்டை. இசையமைப்பாளர் ஷூமன் 1830களின் தொடக்கத்தில் வலதுகை விரலின் ஆற்றலை இழந்து மேடைப் பியானோக் கலைஞராகும் கனவைக் கைவிட்டார். விரல்களைப் பழக்க அவர் பயன்படுத்திய கருவிதான் காரணமா என்பதில் இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. ஆனாலும் அந்தக் கருவியை நினைத்தாலே எனக்கு மனம் கனக்கிறது.

ஷோப்பான் வேறு வழியில் போனார். ஒவ்வொரு விரலுக்கும் அதனதன் இயல்பு உண்டு, அதைக் கெடுக்காமல் வளர்க்க வேண்டும் என்பது அவர் எண்ணம். அவர் எழுதத் தொடங்கி முடிக்காமல் விட்ட பாடநூல் குறிப்புகளில் கை முதலில் அமர்வது ஈ, எஃப் ஷார்ப், ஜி ஷார்ப், ஏ ஷார்ப், பி ஆகிய ஐந்து கட்டைகளில். நீண்ட விரல்கள் கறுப்புக் கட்டைகள்மேல், குட்டையான கட்டைவிரலும் சுண்டுவிரலும் வெள்ளையில். கை தன் வடிவத்திலேயே இளைப்பாறுகிறது. படிக்க எளிதான சி மேஜர் ஸ்கேலை அவர் கடைசிக்குத் தள்ளினார், வாசிக்க அதுவே கடினம் என்பதால். நாமோ அதிலிருந்துதான் எல்லாரையும் தொடங்க வைக்கிறோம். சின்னப் பிள்ளைகளுக்கு ஷோப்பானின் ஐந்து கட்டைகளை முதலில் கொடுங்கள், ஹானன் காத்திருக்கட்டும்.

வகுப்பில் நான் செய்யும் சோதனை ஒன்று உண்டு. மாணவர் ஒரு கார்டை (chord) வாசித்து அப்படியே பிடித்திருக்க வேண்டும். நான் மணிக்கட்டின் அடியில் இரண்டு விரல் வைத்து மெல்ல மேலும் கீழும் அசைப்பேன். சென்ற மாதம் ஒரு சிறுமியின் மணிக்கட்டு மரக்கட்டைபோல நின்றது. "சத்தம் வந்தாச்சு கண்ணு, இனி உனக்கு அங்கே வேலை இல்லை" என்றேன். நான்காவது முறை வாசித்தபோது அவள் தோள் இறங்கியது. கார்டு அடங்கி ஓயும்வரை, கட்டையைப் பார்க்காமல், தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.