அம்பாஸிடரும் எண்ணெய்க் கசிவும்

வங்காளத்து உத்தர்பாராவில் 2014-இல் உற்பத்தி நின்றுபோன அம்பாஸிடர் காரை இன்றும் பிரியத்துடன் பேணி வருகிறவர்கள், எஞ்சின் பக்கவாட்டில் எண்ணெய் கசிந்து கருகல் வாடை எழுந்த மாத்திரத்தில் பெருஞ்செலவு வந்துவிட்டதென்று விசாரமடைவது அநாவசியம் என்பதே என் திடமான அபிப்பிராயம். பழைய 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சினில் அக்கசிவுக்குப் பெரும்பாலும் காரணம், வருஷக்கணக்காக உஷ்ணத்தில் வெந்து இறுகி வெடித்துப்போன டேப்பெட் கவர் என்னும் வால்வு மூடியின் தக்கை பேக்கிங்கே. எஞ்சின் நன்றாக ஆறியபின் மேலேயுள்ள குழாயையும் இரண்டு நட்டுகளையும் கழற்றினால் மூடி கையோடு வந்துவிடும். விளிம்பில் அப்பியிருக்கும் பழந்தக்கையை, ஒரு துணுக்கும் வால்வுகளின் பக்கம் விழாதபடி துணியால் மறைத்துக்கொண்டு, மழுங்கிய கத்தியால் நிதானமாகச் சுரண்டி, தகடு நெளிந்திருந்தால் அதையும் சமப்படுத்திய பிறகே புதியதைப் பொருத்த வேண்டும். கசிவு நிற்கட்டுமென்று பலர் நட்டைப் பலங்கொண்ட மட்டும் முறுக்குகிறார்கள். அதனால் தகடு வளைந்து, தக்கை பிதுங்கி, முன்னிலும் அதிகமாக ஒழுகும். நட்டின் கீழுள்ள ரப்பர் வாஷரையும் கூடவே மாற்றுவது உத்தமம். கசிவு ஹெட் கேஸ்கெட்டிலிருந்து வந்தால் அது வேறு விஷயம். டார்க் ஸ்பானரும் அநுபவமும் இல்லாதவர்கள் அதைத் தேர்ந்த மெக்கானிக்கிடம் ஒப்படைப்பதே விவேகம். டேப்பெட் கவர் பேக்கிங்கை மாற்றும் சிறு காரியத்தையேனும் அடுத்த ஞாயிற்றுக்கிழமை நீங்களே செய்து பாருங்கள்.