பகலில் ஒரு தடவை பார்த்திருக்கக் கூடாதா?

டெலஸ்கோப் வாங்கியவர்கள் எனக்கு ஃபோன் போடுவது இருட்டிய பிறகுதான். அதுவும் மொட்டை மாடியில் சொந்தக்காரர்கள், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் எல்லாரும் கூடி, சுண்டலும் காலியான பிறகு. "சார், ஒண்ணுமே தெரியல. பீஸ் டிஃபெக்ட் போலிருக்கு." விழுப்புரத்திலிருந்தும் வரும், திண்டிவனத்திலிருந்தும் வரும், பேச்சு மட்டும் மாறாது. 2025 செப்டம்பர் 7 முழுச் சந்திர கிரகணத்தன்றும் இதே பாட்டுதான். முன் மூடியைக் கழட்டினீர்களா என்று கேட்டால் கோபம் வேறு வரும். "அதெல்லாம் கழட்டியாச்சு சார்!" போய்ப் பார்த்தால், பெரிய மூடியில் பதித்திருக்கிற சின்ன மூடியை மட்டும் கழட்டியிருப்பார். சில மாடல்களில் அப்படி ஒன்று உண்டு. காசு கொடுத்து வாங்கிய கண்ணாடியில் முக்கால்வாசி மூடியே கிடக்கும்.

அய்யா, பகலில் ஒரு தடவை எடுத்துப் பார்த்திருக்கக் கூடாதா? கல்யாணத்தன்று பட்டப்பகலில் அருந்ததி தெரிகிறது என்று தலையாட்டிய ஜனம் நாம். டெலஸ்கோப்பைப் பகலில் வெளியே வையுங்கள் என்றால் மட்டும் சிரிக்கிறார்கள். பெரிய குழாய் ஒரு சமயத்தில் காட்டுவது இரண்டு முழுநிலவு அடங்குகிற அளவு வானத்தைத்தான். வழிகாட்ட மேலே ஃபைண்டர் என்று ஒரு குட்டிக் குழாய் இருக்கிறது. இரண்டும் ஒரே இடத்தைப் பார்க்கும்படி அதன் திருகாணிகளைச் சரிசெய்ய வேண்டும். சூரியன் இல்லாத பக்கமாகத் திருப்பி, தூரத்துச் செல்ஃபோன் டவர் உச்சியைக் குறிவைத்தால் பத்து நிமிஷ வேலை. இருட்டில், ஊரையே கூட்டி வைத்துக்கொண்டு அதைச் செய்வது, பெண் பார்க்கப் போன வீட்டு வாசலில் கார் ஓட்டப் பழகுகிற மாதிரி.

அடுத்தது அந்த அட்டைப்பெட்டி. '525 மடங்கு' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். கணக்கு தப்பில்லை. 700 மி.மீ. குவியத் தூரத்தை கண் வைத்துப் பார்க்கிற 4 மி.மீ. ஐபீஸால் வகுத்தால் 175, மூன்று மடங்கு பார்லோ லென்ஸையும் சொருகினால் 525. ஆனால் 76 மி.மீ. கண்ணாடி தாங்குவது அதிகம் போனால் 150 மடங்கு. அதற்கு மேல் பெரிதாவது கலங்கல்தான். பெட்டியைப் படித்த மனுஷன் என்ன செய்வார்? எடுத்த எடுப்பில் பார்லோவையும் 4 மி.மீ.-யையும் சேர்த்துச் சொருகுவார். பகலெல்லாம் வெயில் குடித்த தளத்திலிருந்து சூடு எழும்பிக்கொண்டிருக்கும், குழாயைத் தொட்டால் ஆடும், கிரகம் அரை நிமிஷத்தில் பார்வையை விட்டு ஓடும். 20 மி.மீ. போட்டால் 35 மடங்குதான், ஆனால் வியாழனின் நாலு நிலவும் கூர்மையாக வரிசையில் நிற்கும். "வெறும் 35-ஆ?" என்று முகம் சுளிப்பார்கள். எண்ணைத்தானே வாங்கினார்கள், வானத்தையா வாங்கினார்கள்?

திண்டிவனத்தில் ஒரு வீட்டு மாடி. நான் போய்ச் சேரும்போது குடும்பத் தலைவர் வரிசை நிறுத்தி 'சனி கிரக வளையம்' காட்டிக்கொண்டிருந்தார். பாட்டி கன்னத்தில் போட்டுக்கொண்டார். நானும் குனிந்து பார்த்தேன். வெள்ளைத் தட்டு, நடுவே கறுப்பு ஓட்டை. அது ஃபோகஸ் ஆகாத ஒரு சாதாரண நட்சத்திரம். ஓட்டை, குழாய்க்குள் இருக்கிற இரண்டாம் கண்ணாடியின் நிழல். ஃபோகஸ் குமிழை மெதுவாகத் திருப்பினேன். தட்டு சுருங்கிச் சுருங்கிப் புள்ளியானது. "என்ன சார், இருந்ததையும் கெடுத்துட்டீங்களே!" என்றார். அன்றைக்கு அந்த வீட்டில் எனக்குக் காபிகூட வரவில்லை.

அவரை மட்டும் சொல்வானேன். அமெரிக்காவில் சொந்தக் காசில் வான் ஆய்வகம் கட்டிய பெர்சிவல் லோவல், வெள்ளியில் சக்கரத்தின் ஆரக்கால் போலக் கோடுகள் தெரிவதாக 1896-ல் வரைந்து வைத்தார். 24 அங்குல டெலஸ்கோப்பின் வாயைச் சில அங்குலமாகக் குறுக்கிப் பார்த்தவர், தன் விழித்திரை ரத்த நாளங்களின் நிழலையே கண்டிருக்க வேண்டும் என்பது பிற்பாடு வந்த விளக்கம். அவர் மாடியில் குமிழைத் திருப்ப ஆள் இல்லை.

கொஞ்சம் வசதி உள்ளவர்கள் 'ஈக்வடோரியல்' ஸ்டாண்டு வாங்கி மாட்டிக்கொள்கிறார்கள். அதன் அச்சைத் துருவ நட்சத்திரத்தை நோக்கி வைக்க வேண்டும். எந்த ஊரின் அட்சரேகை எவ்வளவோ அவ்வளவு உயரத்தில்தான் துருவம் நிற்கும். நம் பக்கம் 12 டிகிரி. புழுதியும் புகையும் மண்டிய அந்த உயரத்தில் பனைமரமும் எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியும்தான் தெரியும். அச்சை அவ்வளவு தாழ்த்தினால், எதிர் எடைக் கம்பி ஸ்டாண்டுக் காலில் இடிக்கிற மாடல்களும் உண்டு. லண்டன் வானத்துக்கு எழுதிய கையேட்டை நம் தலையில் கட்டினால் வேறென்ன ஆகும்? துருவ நட்சத்திரம்தான் வானத்திலேயே பெரிய வெளிச்சம் என்ற நினைப்பு வேறு. பிப்ரவரியில் தெற்கே ஜொலிக்கிற சிரியஸைக் காட்டி "அதோ துருவன்" என்கிறார் ஒருவர். இத்தனைக்கும் லண்டன்காரர் தம் ஊரில் பார்க்கவே முடியாத ஒமேகா சென்டாரி நமக்குக் கிடைக்கிறது. மே மாதம் ராத்திரி பத்து மணிக்குச் செஞ்சி ரோட்டில் இருட்டான இடமாக நின்று தெற்கே பார்த்தால், தென்சிலுவைக்கு மேலே இடப்பக்கம் பஞ்சாக ஒரு பொட்டு. லட்சக்கணக்கான நட்சத்திரங்களின் கூட்டம் அது. வடக்கைவிட்டுத் திரும்பினால்தானே!

நல்ல நாள் பார்ப்பதிலும் ஒரு கூத்து. புது டெலஸ்கோப்பைப் பௌர்ணமியில் எடுப்பார்கள். பௌர்ணமி நிலவில் நிழல் கிடையாது. கண் கூசுமே தவிர, பள்ளம் தெரியாது. வளர்பிறை அஷ்டமியில் பாருங்கள், ஒளியும் இருளும் பிரிகிற கோட்டில் பள்ளத்துக்குப் பள்ளம் நிழல் விழுந்து மேடு பள்ளமெல்லாம் எழுந்து நிற்கும். அஷ்டமி, நவமியில் புதுப் பொருளை எடுக்கக் கூடாதாம்! இந்த ஒரு விஷயத்தில் காலண்டரோடு சண்டை போட்டு நான் ஓய்ந்துவிட்டேன்.

எல்லாம் தவறிய பிறகு மேகத்தின் மேல் பழி. மேகத்தைத் திட்ட இந்தப் பக்கத்தில் உரிமை உள்ளவர் லெ ஜாந்தீ ஒருவர்தான். வெள்ளி சூரியனைக் கடப்பதைப் பார்க்கப் பிரான்சிலிருந்து வந்தவர். 1761-ல் புதுச்சேரி ஆங்கிலேயர் கையில் போனதால் நடுக்கடலில் மாட்டிக்கொண்டார். எட்டு வருஷம் காத்திருந்து, புதுச்சேரியில் ஆய்வகம் கட்டி உட்கார்ந்தவரை 1769 ஜூன் 4 விடியலில் மேகம் ஏமாற்றியது. அவர் மூடியைக் கழட்டித்தான் வைத்திருந்தார்.

சூரியன் என்றதும் வயிறு எரிகிறது. ஐபீஸில் திருகுகிற கறுப்பு 'சன் ஃபில்டர்' சில பெட்டிகளில் இன்னும் வருகிறது. குவிந்த சூட்டில் அது விரிசல் விட்டால் கண் அந்த நொடியே போய்விடும். அதைச் சுத்தியலால் உடைத்துக் குப்பையில் போடுங்கள். சூரிய ஃபில்டர் என்றால் குழாயின் வாயை முழுசாக மூட வேண்டும், ஃபைண்டருக்கும் சேர்த்து. பிள்ளைகள் இருக்கிற வீட்டில் இதற்கு மேல் பேச்சே கிடையாது.

மூடியைக் கழட்ட மறந்ததுகூட எனக்குப் பெரிசில்லை. அன்றைக்கு மச்சான் ஒரு வார்த்தை கிண்டல் பண்ணிவிடுவார், மறுநாளே டெலஸ்கோப் பரணுக்குப் போய்விடும். ஐப்பசி மழையில் கண்ணாடி பூஞ்சை பிடிக்கும். அதை யாராவது பனியன் துணியால் அழுத்தித் துடைத்து, அலுமினியப் பூச்சைக் கீறி வைப்பார்கள். ஒரு வருஷம் கழித்து மறுபடி ஃபோன் வரும், இந்த முறை பகலில். "பாதி விலைக்கு எடுத்துக்கிறீங்களா சார்?" போன வாரம் விழுப்புரத்தில் அப்படி ஒன்றைப் பார்த்துவிட்டு வந்தேன். 4 மி.மீ. ஐபீஸ் முழுக்கக் கைரேகை. பார்லோ குழாயிலேயே சொருகிக் கிடந்தது. 20 மி.மீ. மட்டும், வந்த பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்காமல் அப்படியே இருந்தது.