ஈரானில் அதிபரை மக்கள் தேர்ந்தெடுத்தாச்சு... ஆனா கடிவாளம் யார் கையில்? 45 ஆண்டு கோஷ்டி மோதலின் கதை

2024இல் ஈரானின் அதிபராக மசூத் பெசெஷ்கியான் தேர்வானார். ஜூலை 5, 2024 வெள்ளிக்கிழமை நடந்த இரண்டாம் சுற்றில் அவருக்கு 1 கோடியே 63 லட்சத்துக்கும் மேல் ஓட்டு. எதிர்த்து நின்ற சயீத் ஜலிலிக்கு சுமார் 1 கோடியே 35 லட்சம்.

'சீர்திருத்தவாதி ஜெயிச்சுட்டார், இனி ஈரான் மாறிடும்' என்று ஒரு பக்கம் பேச்சு. 'யார் வந்தாலும் அங்க ஒண்ணும் மாறாது' என்று இன்னொரு பக்கம்.

இரண்டிலுமே பாதிதான் உண்மை. ஈரானில் கோஷ்டிகள் நிஜம், அவர்களுக்குள் நடக்கும் சண்டையும் நிஜம். ஆனால் அந்தச் சண்டையில் யார் களத்தில் இறங்கலாம், யார் இறங்கக் கூடாது என்று முடிவு செய்வது வாக்காளர் அல்ல. இதைப் புரிந்துகொள்ள கொஞ்சம் பின்னோக்கிப் போகணும்.

திடீர் தேர்தல் ஏன்?

அதிபராக இருந்த இப்ராஹிம் ரைசி, மே 19ஆம் தேதி ஹெலிகாப்டர் விபத்தில் இறந்தார். உடன் சென்ற வெளியுறவு அமைச்சர் ஹொசைன் அமீர் அப்துல்லாஹியானும் உயிரிழந்தார். உடனடியாகத் தேர்தல் அறிவிக்கப்பட்டது.

போட்டியிட 80 பேர் பதிவு செய்தார்கள். அனுமதி கிடைத்தது வெறும் 6 பேருக்கு. அதில் சீர்திருத்த அணி ஆதரித்தவர் ஒரே ஒருவர். அவர்தான் பெசெஷ்கியான். இருதய அறுவை சிகிச்சை மருத்துவர், முன்னாள் சுகாதாரத்துறை அமைச்சர், தப்ரீஸ் தொகுதி எம்.பி. இதே மனிதர் 2021 அதிபர் தேர்தலில் நிற்க விண்ணப்பித்தபோது நிராகரிக்கப்பட்டார்!

முன்னாள் அதிபர் அஹ்மதிநெஜாத், முன்னாள் சபாநாயகர் அலி லரிஜானி ஆகியோர் இந்த முறையும் நிராகரிக்கப்பட்டார்கள். பெண்களும் விண்ணப்பித்தார்கள். ஆனால் 1979க்குப் பிறகு ஒரு பெண்கூட அதிபர் தேர்தலில் நிற்க அனுமதிக்கப்பட்டதில்லை.

வடிகட்டுவது யார்?

பாதுகாவலர் கவுன்சில். மொத்தம் 12 பேர். ஆறு பேர் மார்க்கச் சட்ட அறிஞர்கள். இவர்களை உச்ச தலைவர் நேரடியாக நியமிக்கிறார். மற்ற ஆறு பேர் சட்ட வல்லுநர்கள். இவர்களை நீதித்துறைத் தலைவர் பரிந்துரைக்க, நாடாளுமன்றம் தேர்ந்தெடுக்கும். அந்த நீதித்துறைத் தலைவரை நியமிப்பது யார்? அதுவும் உச்ச தலைவர்தான்.

சரி, உச்ச தலைவரைத் தேர்ந்தெடுப்பது யார்? 88 மதகுருமார்கள் கொண்ட நிபுணர்கள் சபை. மக்கள்தான் ஓட்டுப் போட்டு இந்தச் சபையைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆனால் அதில் யார் நிற்கலாம் என்று வடிகட்டுவது மறுபடியும் பாதுகாவலர் கவுன்சில்!

சுற்றிச் சுற்றி அதே இடத்துக்கே வந்து நிற்கிறது இல்லையா? இந்த வட்டத்துக்கு வெளியே இருந்து ஒருவர் உள்ளே நுழைவது கிட்டத்தட்ட முடியாத காரியம். இரண்டு முறை அதிபராக இருந்த ஹசன் ரூஹானியே, 2024 மார்ச்சில் நடந்த நிபுணர்கள் சபைத் தேர்தலில் நிற்கத் தகுதியில்லை என்று தள்ளப்பட்டார்.

எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒரு மதக் கோட்பாடு

ஈரானில் பெரும்பான்மையோர் பன்னிரு இமாம்களை ஏற்கும் ஷியா முஸ்லிம்கள். 12ஆவது இமாம் 9ஆம் நூற்றாண்டில் மறைந்துவிட்டார், ஒருநாள் திரும்பி வருவார் என்பது அவர்களின் நம்பிக்கை. அதுவரை ஆட்சி செய்யும் உரிமை யாருக்கு?

ஆட்சி நமக்கு வேண்டாம், வழிகாட்டினால் போதும் என்பதுதான் பல நூற்றாண்டுகளாகப் பெரும்பாலான ஷியா மதகுருக்களின் நிலைப்பாடு. ஆதரவற்றோரின் சொத்து, மத அறக்கட்டளை போன்றவற்றுக்குப் பொறுப்பு வகிப்பதோடு அவர்கள் நிறுத்திக்கொண்டார்கள்.

இதை மாற்றியவர் அயதுல்லா கொமேனி. நாடு கடத்தப்பட்டு ஈராக்கின் நஜஃப் நகரில் இருந்தபோது, 1970இல் ஆற்றிய தொடர் உரைகளில் அவர் வேறு வாதத்தை வைத்தார். இமாம் வரும்வரை மார்க்கச் சட்டம் அறிந்தவரே நாட்டையும் ஆள வேண்டும் என்றார். இதற்குப் பெயர் 'விலாயத்-எ-ஃபகீஹ்'. மார்க்கச் சட்ட அறிஞரின் காப்பாட்சி என்று சொல்லலாம். நஜஃபில் இருந்த மூத்த மதகுருவான அயதுல்லா கோயி இதை ஏற்கவில்லை. அதாவது, இது ஷியா உலகம் முழுக்க ஒத்துக்கொண்ட கருத்து அல்ல. இன்று வரைக்கும் விவாதத்தில் இருப்பது.

புரட்சி முடிந்ததும் தொடங்கிய பங்காளிச் சண்டை

1979இல் மன்னர் ஷா விரட்டப்பட்டார். அவரை விரட்டியதில் மதகுருக்கள், இடதுசாரிகள், தேசியவாதிகள், பஜார் வணிகர்கள் என எல்லோரும் இருந்தார்கள். வெற்றி கிடைத்ததும் ஒவ்வொருவராகக் கழற்றிவிடப்பட்டார்கள்.

1979 நவம்பரில் மாணவர்கள் அமெரிக்கத் தூதரகத்தைக் கைப்பற்றியதும், மிதவாதியான பிரதமர் மெஹ்தி பஸர்கான் ராஜினாமா செய்தார். முதல் அதிபர் பனி சத்ர் 1981 ஜூனில் பதவி நீக்கப்பட்டு, பிரான்ஸுக்குத் தப்பினார்.

மிச்சம் இருந்தவர்கள் எல்லோரும் கொமேனியின் சீடர்கள். அப்போ சண்டை நின்றுவிட்டதா? இல்லை, வீட்டுக்குள்ளேயே வெடித்தது. நிலச் சீர்திருத்தம், வெளிநாட்டு வர்த்தகத்தை அரசே நடத்துவது, தொழிலாளர் சட்டம் ஆகியவற்றை ஒரு அணி கேட்டது. 'தனிச் சொத்து மார்க்கம் கொடுத்த உரிமை, அரசு கை வைக்கக் கூடாது' என்றது பஜார் வணிகர்களின் ஆதரவு பெற்ற இன்னொரு அணி. முதல் அணி இஸ்லாமிய இடதுசாரிகள், அதன் முகம் பிரதமர் மீர் ஹொசைன் மூசாவி. இரண்டாவது அணி வலதுசாரிகள். அன்றைய அதிபர் அலி காமெனி அவர்கள் பக்கம்.

(கொமேனி, காமெனி: பெயரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். முதலாமவர் புரட்சியின் தலைவர், 1989இல் மறைந்தார். இரண்டாமவர் அதே ஆண்டில் உச்ச தலைவரானவர்.)

எல்லாவற்றையும் மாற்றிய 1988 கடிதம்

நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டங்களை, மார்க்கத்துக்கு விரோதம் என்று பாதுகாவலர் கவுன்சில் தொடர்ந்து தடுத்தது. அப்போது வெள்ளிக்கிழமை உரை ஒன்றில் பேசிய காமெனி, மார்க்கச் சட்டத்தின் வரம்புக்குள்தான் அரசின் அதிகாரம் இருக்கிறது என்ற பொருளில் பேசினார்.

1988 ஜனவரியில் கொமேனி அவருக்குப் பகிரங்கமாகவே பதில் கடிதம் எழுதினார். அதன் சாரம் இதுதான்: இஸ்லாமிய அரசைக் காப்பது மார்க்கத்தின் முதன்மைக் கட்டளைகளில் ஒன்று. தொழுகை, நோன்பு, ஹஜ் போன்ற கடமைகளையும்விட அதற்கே முன்னுரிமை. நாட்டு நலனுக்குத் தேவைப்பட்டால் ஹஜ்ஜையே தற்காலிகமாக நிறுத்த அரசுக்கு அதிகாரம் உண்டு.

இங்கதான் விஷயமே இருக்கு. மார்க்கத்தைக் காக்க அரசு என்று ஆரம்பித்த புரட்சி, பத்தாவது ஆண்டுக்குள் அரசைக் காப்பதே முதல் மார்க்கம் என்ற இடத்துக்கு வந்துவிட்டது. அன்று அந்தக் கடிதம் இடதுசாரி அணிக்கு வெற்றி. அடுத்த மாதமே, நாடாளுமன்றத்துக்கும் கவுன்சிலுக்கும் இடையே தீர்ப்புச் சொல்ல நாட்டு நலன் மன்றம் உருவானது.

ஆனால் 1989 ஜூனில் கொமேனி இறந்தார். வாரிசாக அறிவிக்கப்பட்டிருந்த அயதுல்லா மொன்டசெரி, 1988இல் அரசியல் கைதிகள் கொத்துக்கொத்தாகக் கொல்லப்பட்டதை எதிர்த்தவர். கொமேனி இறப்பதற்கு முன்பே, 1989 மார்ச்சில் அவர் நீக்கப்பட்டிருந்தார். புதிய தலைவரானவர் காமெனி. உச்ச தலைவர், மத விஷயங்களில் மக்கள் பின்பற்றும் உயர்நிலை மதகுருவாக இருக்க வேண்டும் என்பது அன்றைய சாசன விதி. காமெனி அந்த நிலையில் இல்லை. அடுத்த மாதமே அரசியல் சாசனம் திருத்தப்பட்டு அந்த விதி நீக்கப்பட்டது. தலைவரின் அதிகாரத்துக்கு 'முழுமையான' என்ற அடைமொழி சேர்ந்தது. பிரதமர் பதவியே ஒழிக்கப்பட்டது. அத்தோடு மூசாவி வகித்த பதவியும் போனது.

அரசின் அதிகாரத்துக்கு வரம்பு உண்டு என்று பேசிய காமெனியின் கைக்கே, ஒன்றரை ஆண்டுக்குள் அந்த விரிந்த அதிகாரம் வந்து சேர்ந்தது. விரிவாக்கியதைக் கொண்டாடியவர்கள் வெளியே நின்றார்கள்.

சுவர் ஏறியவர்கள் சீர்திருத்தவாதிகள் ஆன கதை

வெளியே நின்றவர்கள்தான் பின்னாளில் சீர்திருத்தவாதிகள். 1992 நாடாளுமன்றத் தேர்தலில் இடதுசாரி அணியின் முக்கியத் தலைவர்கள் பலரை கவுன்சில் நிராகரித்தது. அதிகாரத்தின் கத்தி தங்கள் மீதே திரும்பியதும், அவர்கள் சட்டத்தின் ஆட்சி, சிவில் சமூகம், பத்திரிகைச் சுதந்திரம் என்று பேச ஆரம்பித்தார்கள்.

1997இல் இந்த அணியின் முகமது கடாமி சுமார் 70 சதவீத ஓட்டுகளோடு அதிபரானார். தூதரகத்தைக் கைப்பற்றிய மாணவர்களின் செய்தித் தொடர்பாளராக இருந்த மசூமே எப்தேகார், அவருடைய துணை அதிபர்களில் ஒருவர்!

ஆனால் கடாமியின் காலத்தில் பத்திரிகைகள் அடுத்தடுத்து மூடப்பட்டன. 2004 தேர்தலில் பதவியில் இருந்த எம்.பி.க்கள் உட்பட 2,000க்கும் மேற்பட்டோர் நிராகரிக்கப்பட்டார்கள். 2009இல் மூசாவி அதிபர் தேர்தலில் நின்றார். முடிவில் மோசடி என்று லட்சக்கணக்கானோர் தெருவுக்கு வந்தார்கள். 2011 பிப்ரவரியில் வீட்டுக்காவலில் வைக்கப்பட்ட மூசாவி, 13 ஆண்டுகள் கடந்து 2024இலும் அப்படியே இருந்தார். புரட்சி அரசின் முன்னாள் பிரதமருக்கே இந்த நிலை.

பழமைவாதிகள் மட்டும் ஒற்றுமையா?

அதுவும் இல்லை. 2024இல் நாடாளுமன்ற சபாநாயகராக இருந்த முகமது பாகர் காலிபாஃப், புரட்சிகர காவல்படையின் முன்னாள் தளபதி, டெஹ்ரானின் முன்னாள் மேயர். நிர்வாகம், அதிகாரம், காரியம் நடக்கணும் என்ற ரகம். ஜலிலியோ கொள்கைப் பிடிவாதக்காரர், 2015 அணுசக்தி ஒப்பந்தத்தைக் கடுமையாக எதிர்த்தவர். ஜலிலிக்கு நெருக்கமான தீவிர அணியின் குரு, 2021இல் மறைந்த மதகுரு மெஸ்பா யஸ்தி. ஆட்சியின் உரிமை இறைவனிடமிருந்து வருகிறது, மக்களின் ஓட்டு அதற்கு வரவேற்பு மட்டுமே என்பது அவர் வாதம்.

முதல் சுற்றில் இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. ஓட்டு பிரிந்தது, காலிபாஃப் மூன்றாம் இடத்துக்குப் போனார். பெசெஷ்கியானுக்கு வழி கிடைத்தது.

பெசெஷ்கியானும் மதத்துக்கு வெளியே நின்று பேசுபவர் இல்லை. இமாம் அலியின் உரைகள் அடங்கிய நஹ்ஜுல் பலாகாவை மேடைகளில் அடிக்கடி மேற்கோள் காட்டுபவர். 'நீதி இல்லாத ஆட்சி மார்க்கத்துக்கே எதிரானது' என்ற தொனியில்தான் அவர் அரசியல். உச்ச தலைவரின் கொள்கைகளை மீற மாட்டேன் என்பதையும் பிரசாரத்திலேயே சொல்லிவிட்டார்.

நிஜ எதிர்க்கட்சி: ஓட்டுப் போடாதவர்கள்

இந்த எண்களைப் பாருங்கள். அதிபர் தேர்தலில் வாக்குப்பதிவு:

1997: சுமார் 80 சதவீதம்
2017: சுமார் 73 சதவீதம்
2021: சுமார் 48 சதவீதம்
2024 முதல் சுற்று: சுமார் 40 சதவீதம், புரட்சிக்குப் பின் மிகக் குறைவு
2024 இரண்டாம் சுற்று: சுமார் 50 சதவீதம்

முதல் சுற்றில் 6 கோடியே 10 லட்சம் வாக்காளர்களில் சுமார் இரண்டரைக் கோடி பேர்தான் வந்தார்கள். 2017 டிசம்பரில் தொடங்கிய போராட்டங்களிலேயே, சீர்திருத்தவாதி, பழமைவாதி இருவரின் கதையும் முடிந்தது என்ற முழக்கம் கேட்டது. நம்ம ஊர் பாஷையில் சொன்னால், 'எல்லாம் ஒரே குட்டையில் ஊறிய மட்டை'. 2022 செப்டம்பரில் ஹிஜாப் விவகாரத்தில் கைதான 22 வயது மாஷா அமினி காவலில் இருந்தபோது உயிரிழந்தார். அதன் பிறகு இந்தக் கோபம் நாடு முழுக்கப் பரவியது. நூற்றுக்கணக்கானோர் கொல்லப்பட்டார்கள்.

இரண்டாம் சுற்றில் கூடுதலாக சுமார் 60 லட்சம் ஓட்டுகள் விழுந்தன. ஆனாலும் பாதிப் பேர் வீட்டிலேயே இருந்தார்கள். புதிய அதிபர் சமாளிக்க வேண்டியிருந்த முதல் கேள்வி இவர்களிடமிருந்துதான் வந்தது: 'உங்களால என்ன செய்ய முடியும்?'

அன்று கவனிக்க வேண்டியிருந்தது எவற்றை?

ஹிஜாப்: கடுமையான தண்டனைகள் கொண்ட புதிய மசோதாவை நாடாளுமன்றம் 2023 செப்டம்பரில் நிறைவேற்றியது. 2024 ஜூலை தேர்தல் நேரத்தில் அதற்குப் பாதுகாவலர் கவுன்சிலின் முழு ஒப்புதல் கிடைத்திருக்கவில்லை. கட்டாயப்படுத்தும் ரோந்துப் படையை எதிர்ப்பதாகச் சொல்லித்தான் பெசெஷ்கியான் ஓட்டுக் கேட்டார். டெஹ்ரான் தெருவில் நடக்கும் ஒரு பெண்ணுக்கு, இந்தத் தேர்தலின் முடிவு ஜூலை 5இல் வரவில்லை. இந்த மசோதாவில்தான் வரவிருந்தது.

அணுசக்தியும் பொருளாதாரத் தடையும்: 2018இல் டிரம்ப் ஒப்பந்தத்திலிருந்து விலகியதில் இருந்து ஈரான் மக்களின் கழுத்தை விலைவாசி நெரிக்கிறது. பேச்சுவார்த்தைக்கு அதிபர் முகம் கொடுக்கலாம், கடைசி வார்த்தை உச்ச தலைவருடையது. இது இந்தியாவுக்கும் முக்கியம். தடைகளால் 2019இல் ஈரான் எண்ணெய் வாங்குவதை இந்தியா நிறுத்தியது. சாபஹார் துறைமுகத்தை 10 ஆண்டு நடத்த இந்தியா ஒப்பந்தம் போட்டது 2024 மே மாதத்தில்.

அடுத்த தலைவர்: 2024இல் காமெனிக்கு வயது 85. அவருக்குப் பின் யார் என்பதை முடிவு செய்யும் பொறுப்பு, ரூஹானியே நுழைய முடியாத அந்த நிபுணர்கள் சபையிடம் இருந்தது.

1988 கடிதம் விரிவாக்கிய அதிகாரம் அன்று ஒரு கோஷ்டிக்கு இனித்தது. அடுத்த ஆண்டே அது கை மாறியது. 2024 வரையிலான 45 ஆண்டுகளில் பிரதமர், அதிபர்கள், சபாநாயகர், வாரிசாக அறிவிக்கப்பட்டவர் என ஒவ்வொருவராக அந்த வாசலில் தடுக்கப்பட்டிருக்கிறார்கள். பெசெஷ்கியான் 2024இல் உள்ளே விடப்பட்டார். வாசல் அப்படியேதான் இருந்தது.